வம்சாவளி என்னும் சொல்

திருச்சிப் பக்கம் அகதிகள் முகாமொன்றில் 1990இல் பிறந்த நண்பருக்கு விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். தந்தை பிறந்தது ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பாட்டன்? "அதெல்லாம் யாருக்குண்ணே தெரியும், ஏதாச்சும் லயத்துல பொறந்திருப்பாரு" என்றார்.

சொல்லப்போனால், 1948இல் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது இந்த ஒரு கேள்விதான். அவ்வாண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு, அம்மண்ணில் பிறந்திருப்பது மட்டும் போதவில்லை. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும். வெளிநாட்டில் பிறந்தவரானால் இன்னும் ஒரு தலைமுறை கூட: தந்தையோடு பாட்டனும், அல்லது பாட்டனும் பூட்டனும். தலைப்பிரசவத்துக்குத் தமிழ்நாட்டுக்கு வந்து பெற்றுக்கொண்டு திரும்பியவர்களின் பிள்ளைகள் இங்கே மாட்டிக்கொண்டார்கள். பிள்ளை பெற்ற தாய் இந்த வம்சக் கணக்கில் வரவே மாட்டாள். 2003 திருத்தம்வரை இதுதான் நிலை.

இங்கு கவனிக்க வேண்டியது, சட்டப் பிரதியில் 'தமிழர்' என்றோ 'தோட்டத் தொழிலாளர்' என்றோ ஒரு சொல் கிடையாது. 1953இல் லண்டன் பிரிவிக் கவுன்சிலும் இதில் பாரபட்சம் இல்லை என்றது. பூட்டனின் பிறப்புச் சான்று சிங்கள விவசாயியிடமும் இருந்திருக்காதுதான். ஆனால் அவரை யார் கேட்கப்போகிறார்கள்? இப்படி, வம்சாவளிப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டவர்களுக்குத்தான் 'இந்திய வம்சாவளியினர்' என்று பெயர்!

1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாக்கினார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை தந்தது. இந்தியாவுக்கு அகதிகளாக வந்துவிட்டவர்களை 2009 திருத்தம் சேர்த்துக்கொண்டது.

நண்பரின் தந்தை 77 கலவரத்தில் தோட்டத்தைவிட்டு வவுனியா, 84இல் மண்டபம். தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்புமுன் தனிமைப்படுத்தி வைத்திருந்த அதே மண்டபம்.

"நான் பொறந்தது இங்கதானே, அப்புறம் எதுக்கு அங்க பதியணும்?" என்கிறார் நண்பர். நியாயமான கேள்வி. இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்திருந்தால் பெற்றோர் யாரென்று சட்டம் பார்க்காது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது அதனால்தான். 1990இல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். பதிவின் மூலம் குடியுரிமை பெறும் வழியையோ 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பட்டம் அடைத்துவந்திருக்கிறது. 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை.

மிஞ்சுவது இலங்கை வழி. முதலில் தந்தையின் பிரஜாவுரிமை நிலைநாட்டப்பட வேண்டும். பிறகு சென்னையிலுள்ள துணைத் தூதரகம்வழி மகனின் பிறப்பைப் பதிய வேண்டும். பிறந்து ஓராண்டுக்குள் பதிவதே விதி. அதற்குமேல் போனால் தக்க காரணம் காட்டி அனுமதி பெற வேண்டும். ஆனால் அங்கே பிரஜையாகிவிட்டால், 'நான் நாடற்றவன்' என்று இங்கே வாதாடும் இடம் போய்விடும். உரிமை கோருவதே உரிமையை விட்டுக்கொடுப்பதாகவும் ஆகிறது. இதைச் சொல்லாமல் படிவத்தை மட்டும் நிரப்பித்தருவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. எல்லாவற்றையும் சொன்னேன். ரெண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார்.

படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. பழைய செக்ரோலில் பாட்டன் பெயர் இருக்கிறதா என்று தோட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறோம்.