மோதல் வீரர் கணிதப் பேராசிரியரான கதை

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ நாலைந்து மாதம் தங்கிவிட்டு வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள். பெயர் என்னவோ கால்பந்து. காலால் உதைப்பது அபூர்வம். தலையில் கவசம், தோளில் மெத்தை மெத்தையாகப் பாதுகாப்பு. ஐந்து விநாடி முட்டல் மோதல், அரை நிமிடம் ஓய்வு, மறுபடியும் முட்டல். நானும் முதலில் இப்படித்தான் பார்த்தேன். பொறுமையிழந்து எழுந்து போய்விட்டேன். ஜான் அர்ஷெல் என்பவரைப் பற்றிப் படித்த பிறகுதான் இதில் கொஞ்சம் அக்கறை பிறந்தது. சுமார் 140 கிலோ எடையோடு தொழில்முறை அணியில் மூன்று ஆண்டுகள் ஆடிய அவர், பிற்பாடு எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணிதப் பேராசிரியராகச் சேர்ந்தார். (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, பாஸ்டன் நகரத்தை ஒட்டி இருப்பது.)

அவர் ஆடிய இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தை எறிவதா, யாரிடமாவது கொடுத்து ஓடச் சொல்வதா என்று தீர்மானிப்பவர் குவார்ட்டர்பேக். விளம்பரங்களில் வருவதும், கோடிக்கணக்கில் சம்பாதிப்பதும் இவர்தான். இவருக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் இருப்பவர் சென்டர். பந்தைக் கால்களுக்கிடையில் பின்பக்கமாகக் கொடுப்பவர். அவருக்கு இரு பக்கமும் கார்டு, ஓரங்களில் டாக்கிள். இந்த ஐவரும்தான் ஆஃபென்சிவ் லைன்மேன்கள். குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ள எதிரிகள் பாய்ந்து வருவார்கள். அவர்களைத் தம் உடம்பால் மறித்து நிற்பது இவர்களின் வேலை. எதிரியின் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டால் தண்டனையாகப் பத்து கெஜம் போய்விடும்.

முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்க இவர்களுக்குச் சாதாரணமாக அனுமதி கிடையாது. ஆகவே எத்தனை கெஜம் ஓடினார், எத்தனை புள்ளி எடுத்தார் என்று பத்திரிகையில் போடுவதற்கு இவர்கள் கணக்கில் ஒன்றும் இருக்காது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரை நாம் எப்போது கவனிக்கிறோம்? கேட்சை விட்டால்தானே! அதைப்போல, தவறு செய்தால் மட்டும் ஒலிபெருக்கியில் இவர்களுடைய எண்ணைச் சொல்வார்கள். ஆனால் ஒவ்வொரு முயற்சியிலும் முதல் மோதல் இவர்களுடையது. ஓர் ஆட்டத்தில் அறுபது எழுபது முறை, தமக்கு நிகரான எடையுள்ள ஒருவனோடு ஒரு முழ தூரத்திலிருந்து முட்டிக்கொள்ள வேண்டும். இதைத் தவிர பயிற்சி நாட்களில் முட்டுவது வேறு.

அர்ஷெல் 1991 ஜூன் 24 அன்று கனடாவில் வின்னிபெக் நகரத்தில் பிறந்தார். வளர்ந்தது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில். அப்பா அறுவை சிகிச்சை நிபுணர், அம்மா வழக்கறிஞர். பெற்றோர் பிரிந்துவிட்டதால் அம்மாவோடு இருந்தார். சிறு வயதில் பள்ளியில் இந்தப் பிள்ளைக்குக் கற்கும் திறனில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்தார்கள். அம்மா விடவில்லை, சோதித்துப் பாருங்கள் என்றார். சோதித்தபோது நேர்மாறாக இருந்தது. பையனுடைய கணக்குப் புத்தி வயதுக்கு மிஞ்சியது.

அந்த அம்மா செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. கடைக்குப் போனால், கல்லாவில் இருப்பவர் சொல்வதற்கு முன்பே மீதிச் சில்லறை எவ்வளவு என்று பையன் சரியாகச் சொல்லிவிட்டால் அந்தச் சில்லறை அவனுக்கே. அங்கே விற்பனை வரியையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 13 வயதில் பையன் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து கால்குலஸ் கேட்டுக்கொண்டிருந்தான். மகன் எம்.ஐ.டி.யில் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. நம் வீடுகளில் ஐ.ஐ.டி. என்போமே, அதேதான்.

மகனுக்கோ முட்டுவதில் ஆசை. உயர்நிலைப் பள்ளியில் ஆடத் தொடங்கினார். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் ஆட்டத்துக்காக உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. அம்மாவுக்கு ஏமாற்றம்தான். ஆனால் விளையாட்டு உதவித்தொகையில் வருகிறவர்கள் பெயருக்கு ஏதோ ஒரு பட்டம் வாங்கிப் போவார்கள் என்ற பேச்சை இவர் பொய்யாக்கினார். மூன்றே ஆண்டில் கணிதத்தில் இளங்கலை, பிறகு முதுகலை. ஆடிக்கொண்டே இளநிலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்தார். சூரியன், வியாழன், ஒரு சிறுகோள் என்ற மூன்று பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும்போது சிறுகோளின் பாதை எப்படி நிலைகுலைகிறது என்பது பற்றி இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை 2013இல் வெளிவந்தது. படிப்பிலும் ஆட்டத்திலும் சேர்ந்து சிறந்து விளங்கும் கல்லூரி வீரருக்குத் தரும் வில்லியம் கேம்ப்பெல் விருதும் அதே ஆண்டு கிடைத்தது.

2014இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைப் பொறுக்கி எடுத்தபோது, ஐந்தாவது சுற்றில் 175ஆவது ஆளாக பால்டிமோர் ரேவன்ஸ் அணி இவரை எடுத்தது. நட்சத்திரம் என்று சொல்ல முடியாது. கார்டாகவும் சென்டராகவும் தேவைப்பட்ட இடத்தில் நின்றார். மூன்று ஆண்டில் 40 ஆட்டங்கள். அவற்றில் 13இல் தொடக்கத்திலிருந்தே களமிறங்கினார். லட்சக்கணக்கில் டாலர் சம்பளம் வந்தும் ஆண்டுக்கு 25,000 டாலருக்குள் வாழ்ந்தார் என்பது அப்போது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ஒன்பதாயிரம் டாலருக்கு வாங்கிய பழைய நிசான் வண்டிதான் ஓட்டினார். கஞ்சத்தனமில்லை, தமக்கு வேண்டியதெல்லாம் கணக்கும் சதுரங்கமும்தான் என்பது அவர் கொடுத்த விளக்கம்.

2015இல் இன்னொரு கணிதக் கட்டுரை, மூன்று பேராசிரியர்களோடு சேர்ந்து எழுதியது. விஷயத்தை எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். காகிதத்தில் பல புள்ளிகள். சில புள்ளிகளுக்கிடையே கோடுகள். புள்ளிகளை மனிதர்கள் என்றும் கோட்டைப் பழக்கம் என்றும் வைத்துக்கொள்ளலாம். மிகக் குறைந்த கோடுகளை வெட்டி, இந்தக் கூட்டத்தைக் கிட்டத்தட்டச் சமமான இரண்டு பகுதிகளாகப் பிரிப்பது எப்படி? நம் சங்கத்துக் கூட்டத்திலாவது கண்ணால் பார்த்து, யார் யாரோடு உட்காருவார்கள் என்று சொல்லிவிடலாம். புள்ளிகள் பல லட்சமாக இருந்தால்? ஃபீட்லர் என்ற செக் நாட்டுக் கணித மேதை இதற்கு வழிகாட்டும் எண்வரிசை ஒன்றைக் கண்டு சொன்னார். பெரிய வலைகளுக்கு அந்த எண்வரிசையை விரைவாகக் கணக்கிடும் முறையைத்தான் அர்ஷெலும் மற்றவர்களும் எழுதினார்கள். வலையைப் படிப்படியாகச் சுருக்கி, சிறிய வலைக்கு விடை கண்டு, பிறகு அந்த விடையைத் திருத்தித் திருத்திப் பெரிய வலைக்குக் கொண்டுபோவது அந்த முறை.

அந்த ஆண்டு மார்ச்சில்தான், அறிவாளியான நீர் ஏன் இன்னும் இந்த ஆட்டத்தை ஆடுகிறீர் என்ற கேள்விக்கு அவர் ஒரு கட்டுரையில் பதில் எழுதினார். பணத்துக்காக இல்லை; இன்னொருவனோடு மோதுவதில் தமக்கு இருக்கும் ஆனந்தத்துக்காக, அபாயம் தெரிந்தே ஆடுகிறேன் என்பது பதிலின் சாரம். நேர்மையான பதில். ஆனால் ஒரு தாய் படித்தால் வயிறு கலங்கும்.

ஐந்து மாதம் கழிந்து, 2015 ஆகஸ்ட் பயிற்சி முகாமில், ஒரு மோதலில் நினைவு தப்பி விழுந்தார். மூளை அதிர்ச்சி என்றார்கள். தலைக்கவசம் மண்டை ஓடு உடையாமல் காக்கும். உள்ளே இருக்கும் மூளையைக் காப்பது கடினம். தூக்குச் சட்டியில் தயிர் கொண்டுபோகிறோம். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சட்டி ஆடினால் உள்ளே தயிர் கலங்கத்தானே செய்யும்? சில வாரங்களில் அவர் ஆடத் தயாராகிவிட்டார். கணக்கு மட்டும் திரும்பி வரவில்லை. உயர்கணிதத்துக்கு வேண்டியது, உருவங்களை மனத்துக்குள்ளேயே நிறுத்திப் பார்க்கும் சக்தி. அது பழைய நிலைக்கு வர இன்னும் கூடுதல் காலம் பிடித்தது என்று பின்னர் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே சொன்னார். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிகவும் பயமூட்டும் இடம் இதுதான். உடம்பு தேறிவிட்டது என்று மருத்துவர் சொன்னாலும் உள்ளே எது குறைந்திருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கணக்குப் போடாத ஒருவராக இருந்தால் அது தெரிந்திருக்குமா?

அப்படித் தெரியாமலே போன ஒருவர் இதே வரிசையில் இருந்தவர்தான். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர் மைக் வெப்ஸ்டர், 17 ஆண்டுகள் ஆடியவர். அணி நான்கு முறை சூப்பர் பௌல் கோப்பை வென்றபோது அதில் இருந்தவர். ஓய்வு பெற்ற பின் நினைவு தடுமாறி, குடும்பம் சிதறி, வண்டியிலேயே படுத்துறங்கும் நிலைக்கு வந்து 2002இல் 50 வயதில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த பென்னட் ஒமாலு, நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர். வெளிப்பார்வைக்கு மூளை ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் மெல்லிய துண்டுகளாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். டௌ என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. குத்துச்சண்டைக்காரர்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் அது. 2005இல் அவர் அதை வெளியிட்டபோது, தேசியக் கால்பந்து லீகின் மருத்துவக் குழுவினர் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினார்கள். ஒமாலு அசையவில்லை. லீகின் அதிகாரி ஒருவர் இந்த ஆட்டத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டது 2016இல்தான்.

அதே 2016இல் அர்ஷெல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். ஆட்டமில்லாத மாதங்களில் வகுப்பு, மற்ற மாதங்களில் களம்.

2017 ஜூலை 25 அன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஆன் மெக்கீ குழுவினரது ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. தொழில்முறை லீகில் ஆடிய 111 பேரின் மூளைகளைச் சோதித்ததில் 110இல் சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் ஏற்கனவே சந்தேகம் இருந்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை. ஆகவே ஆடுகிறவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கு நோய் வரும் என்று பொருளில்லை. என்றாலும் யாரும் அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய எண்ணும் அல்ல.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 27 அன்று, பயிற்சி முகாம் தொடங்கும் வேளையில், 26 வயது அர்ஷெல் ஓய்வு அறிவித்தார். ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு பாக்கி. ஆய்வைப் பார்த்துப் பயந்து ஓடினார் என்று எழுதாத பத்திரிகை இல்லை. அவரோ இதில் பெரிய கதை ஏதுமில்லை, முழுநேரமாகப் படிக்கப் போகிறேன், மணக்கப் போகும் பெண்ணோடு நேரம் செலவிட விரும்புகிறேன், டிசம்பரில் குழந்தை பிறக்கப் போகிறது என்று அடக்கமாக முடித்துக்கொண்டார். அப்படியே எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. ஆனால் மனத்தில் உருவங்கள் நிற்காமல் போன அந்த மாதங்களை அவர் மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

மனைவி லூயிசா தாமஸ் எழுத்தாளர். இருவரும் சேர்ந்து அவருடைய வாழ்க்கையை 2019இல் புத்தகமாக வெளியிட்டார்கள். 2021இல் மிஷேல் கோமான்ஸ் வழிகாட்டுதலில் முனைவர் பட்டம் முடிந்தது. பிறகு ஐன்ஸ்டைன் இருந்த பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு, ஹார்வர்டில் கொஞ்சகாலம். 2023இல் எம்.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியர் ஆனார். பதினெட்டு வயதில் போயிருக்க வேண்டும் என்று அம்மா நினைத்த இடம்தான்.

சி.டி.இ.யை உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகக் கண்டறியும் சோதனை இன்னும் வரவில்லை; மூளையை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். உயர்நிலைப் பள்ளியிலிருந்து 2017 வரை அவர் எத்தனை ஆயிரம் முறை முட்டியிருப்பார் என்பதற்கு யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.