சம்ப் ஒழுகினால் இறுக்காதீர்கள்!

நிறுத்திய இடத்தில் எண்ணெய்க் கறை விடாத பழைய அம்பாசிடரைப் பார்ப்பது அரிது. “பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்” என்று உரிமையாளர்களும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அந்தச் சமாதானம் தேவையில்லை. பொறுமையாக வேலை பார்த்தால், ஆயில் சம்ப் ஒழுக்கைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

மேற்கு வங்க மாநிலம் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடருக்கு மூலம், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசை. இந்த வண்டியில் நெடுங்காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அதன் அடியில் இருக்கும் சம்ப், தகட்டை அழுத்தி உருவாக்கிய எண்ணெய்த் தொட்டி. தொட்டிக்கும் பிளாக்குக்கும் நடுவே கார்க் பேக்கிங். சுற்றிலும் வரிசையாக போல்ட்டுகள்.

எங்கிருந்து வருகிறது?

எஞ்சினில் எங்கே கசிந்தாலும் எண்ணெய் கடைசியில் சம்பின் விளிம்புக்குத்தான் வந்து சேரும். டாப்பட் கவர், பிளாக்கின் பக்கவாட்டு மூடிகள், டைமிங் கவர், ஆயில் ஃபில்டர் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். எனவே முதலில் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, விளிம்பில் முகப்பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பவுடரில் ஈரம் படரும் இடத்துக்கு மேலே தேடினால் ஊற்றுக்கண் தெரியும்.

பிரீதர் குழாயையும் பார்க்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறி, நல்ல பேக்கிங்கையும் தாண்டி எண்ணெயை வெளியே தள்ளும்.

கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் சொட்டினால் சம்பைக் குறை சொல்ல முடியாது. இந்த எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனைக்கு ரப்பர் ஆயில் சீல் கிடையாது. அங்கே வெட்டியிருக்கும் திருகுமறை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். எஞ்சின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடும் என்பதால், கொஞ்சம் சொட்டுவது அதன் அமைப்பிலேயே உள்ளது.

முறுக்கினால் வரும் வினை

ஒழுக்கைக் கண்டதும் ஸ்பேனரை எடுத்து போல்ட்டுகளை முறுக்குவதுதான் பெருந்தவறு. கார்க் நசுங்கிப் பிதுங்கும். தகட்டு விளிம்போ போல்ட் துளையைச் சுற்றி மேல்நோக்கிக் குமிழும். பிறகு துளையருகே மட்டும் அழுத்தம் இருக்கும். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழும். இறுக்க இறுக்க ஒழுக்கு கூடுவது இதனால்தான். அந்த விளிம்பின்மேல் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது

வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தாமல், உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெயை வடியுங்கள். ஒட்டிக்கொண்ட சம்பை ரப்பர் சுத்தியால் தட்டிக் கழற்றுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விளிம்பு கெடும். அடியில் படிந்த கசடில் உலோகத்தூள் மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் பேரிங்குகளைச் சோதித்தாக வேண்டும். எண்ணெய் உறிஞ்சும் சல்லடையையும் கழுவிவிடுங்கள்.

பழைய பேக்கிங்கைத் துளியும் விடாமல் சுரண்டிய பின், விளிம்பின் அடிப்பக்கத்தை மரக்கட்டைமேல் வைத்து, மேலே தெரியும் குமிழ்களைச் சிறு சுத்தியால் தட்டிச் சமப்படுத்துங்கள். நேரான இரும்புப் பட்டையை வைத்து இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கடையில் நெடுநாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கியிருந்தால், தண்ணீரில் சற்று ஊறவையுங்கள். முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடிகளில் உட்காரும் அரைவட்டக் கார்க் துண்டுகளை மறக்காதீர்கள். அவை பக்கப் பேக்கிங்கோடு சேரும் நான்கு மூலைகளில் மட்டும் சிறிது சிலிக்கோன் பசை போதும். அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கும் பசை உதிர்ந்து சல்லடையை அடைக்கும்.

போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் ஏற்றி, பிறகு மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். சுமார் 6 அடி-பவுண்டு, அதாவது 8 நியூட்டன் மீட்டர் போதும். இது ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்துத் தரும் அழுத்தம்தான். சில நாள் ஓட்டியதும் கார்க் படியும். அப்போது அதே அளவுக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு எண்ணெய் வாங்குவோரிடம் கொடுங்கள். ஒழுகும் வண்டி, பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரரையும் வழுக்கி விழச் செய்யக்கூடும். எனவே இது உங்கள் வண்டியோடு முடிகிற விஷயமல்ல. அடுத்தமுறை மெக்கானிக் புதுப் பேக்கிங்கோடு வந்தால், பூட்டுவதற்கு முன் விளிம்பைப் பட்டை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.