கைப்பெட்டியில் ஒரு கச்சேரி

மின்சாரக் கிட்டாரை ஒலிபெருக்கி இல்லாமல் வாசிப்பதும், சீவாளியை வீட்டில் விட்டுவிட்டு நாகஸ்வரத்துடன் மேடை ஏறுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். கம்பிகள் என்னவோ அதிரத்தான் செய்கின்றன. ஆனால் வீணைக்குக் குடம் இருப்பது போல் இந்த வாத்தியத்தில் பெரும்பாலானவற்றுக்கு வயிறு கிடையாது; கெட்டியான மரப் பலகைதான் உண்டு. கம்பிகளுக்கு அடியிலுள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை மிக மெல்லிய மின்சாரமாக மாற்றித் தருகிறது. அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டியே வாத்தியத்தின் மற்றப் பாதி. பிள்ளைக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்த கையோடு, "பெட்டிக்கு வேறு பணமா?" என்று திகைத்து நிற்கும் பெற்றோர்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறோம். வீட்டிலே பயிலுவதற்குப் போதுமான பெட்டியை அந்தப் பிள்ளையே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம்.

இந்தத் துறையில் பேர் போன அமெரிக்கராகிய லியோ பெண்டர், 1938-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள புல்லர்ட்டன் நகரத்தில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்து ஆரம்பித்தவர்தான். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது இதில் வேடிக்கை! ஆகையால் சங்கீத ஞானம் இல்லையே என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் காலத்துப் பெட்டிகள் வால்வுகளால் ஆனவை. வால்வின் இனிமையே இனிமை என்று சத்தியம் செய்யும் ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள்; நாமும் அதை மறுக்கவில்லை. எனினும் வால்வுப் பெட்டிக்குள் 300, 400 வோல்ட் என்பது சர்வ சாதாரணம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டென்ஸர்களில் மின்சாரம் தங்கி நின்று, தொட்டவனைக் கொன்றுவிடக் கூடும். முதல் முயற்சியாக அதில் கை வைக்கவே கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லுவோம். நாம் சொல்லும் பெட்டிக்கு 9 வோல்ட் பேட்டரி ஒன்று போதும்.

இதற்கு உயிர்நாடி எல்.எம். 386 என்ற எட்டுக்கால் ஐ.ஸி. விரல் நகத்தளவுள்ள இந்தப் பூச்சி சென்னை ரிச்சித் தெருக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. தனக்கு வரும் மின் அழுத்தத்தை இது 20 மடங்கு பெருக்கும். 1-ஆவது காலுக்கும் 8-ஆவது காலுக்கும் இடையே 10 மைக்ரோபாரட் கண்டென்ஸரை வைத்தால் 200 மடங்கு பெருக்கும். அப்போது ஒலி சற்றே கரகரத்து உறுமும். நம் வீட்டு இளைஞர்கள் விரும்புவது அந்த உறுமலைத்தான்!

6-ஆவது காலுக்குப் பேட்டரியின் பாஸிடிவ். 2, 4 ஆகிய கால்களுக்கு நெகடிவ். 5-ஆவது காலிலிருந்து 220 மைக்ரோபாரட் கண்டென்ஸர் வழியாக 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டும். அதே காலிலிருந்து நெகடிவுக்கு 10 ஓம் ரெஸிஸ்டரையும் 0.047 மைக்ரோபாரட் கண்டென்ஸரையும் வரிசையாகச் சேர்த்துவிடுவது நலம். பேட்டரிக்குக் குறுக்கே ஒரு 100 மைக்ரோபாரட்டையும் போட வேண்டும். இவை எதற்கு என்று அலட்சியமாய் விட்டுவிட்டால் பெட்டி தானாகவே ஊளையிட ஆரம்பிக்கலாம். உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் நெருங்கி உறவாடினாலும் இதே கதிதான். ஈயம் பற்ற வைக்கும்போது முதலில் ஸாக்கெட்டைப் பற்ற வைத்துவிட்டு, கடைசியில் ஐ.ஸி.யைச் செருகினால் அது சூட்டுக்குப் பலியாகாது.

இத்துடன் பெட்டி பாடத்தான் செய்யும். ஆனால் குரல் கம்பளியால் மூடியது போல் மந்தமாயிருக்கும். "வீட்டில் செய்தது வேறெப்படி இருக்கும்?" என்று பலர் இந்த இடத்தில்தான் வேலையைக் கைவிடுகிறார்கள், சிலர் கிட்டார் மீதே பழி போடுகிறார்கள். குற்றம் இரண்டிலும் இல்லை. கிட்டாரின் காந்தச் சுருள், மெள்ளச் சுரக்கும் ஊற்றுக் கிணறு போன்றது. அதில் ஏற்றம் போட்டு மளமளவென்று இறைத்தால் என்ன ஆகும்? எல்.எம். 386-இன் வாசலில் உள்ள தடை 50 கிலோ ஓம்தான். கிட்டாருக்கோ சுமார் 1 மெகா ஓம் வேண்டும். இழுக்கிற இழுப்பில் உச்ச ஸ்தாயியின் மினுமினுப்பு முழுவதும் பறிபோய்விடுகிறது.

பரிகாரம் மிகவும் சுலபம். நடுவே ஜே.எப்.இ.டி. என்னும் டிரான்ஸிஸ்டர் ஒன்றைக் காவல் வைக்க வேண்டும். கிட்டாரை அதன் கேட்டில் இணைத்து, அங்கிருந்து நெகடிவுக்கு 1 மெகா ஓம் ரெஸிஸ்டர்; டிரெயினுக்குப் பேட்டரியின் பாஸிடிவ்; ஸோர்ஸிலிருந்து நெகடிவுக்கு 3.9 கிலோ ஓம். அதே ஸோர்ஸிலிருந்து 0.047 மைக்ரோபாரட் வழியாக 10 கிலோ ஓம் வால்யூம் திருகுக்கு வந்து, அதன் நடுக்காலை ஐ.ஸி.யின் 3-ஆவது காலில் சேர்த்தால் முடிந்தது. இந்தக் காவலாளி கிட்டாரிடமிருந்து மின்சாரம் வாங்குவதில்லை என்றே சொல்லலாம். சில ரூபாய்ச் செலவில் வாத்தியத்தின் குரல் திரும்பி வந்துவிடும்.

கிடைக்கும் சக்தி ஏறக்குறைய அரை வாட். "அரை வாட்டா!" என்று ஏளனம் செய்ய வேண்டாம். சக்தியைப் பத்து மடங்கு ஆக்கினால்தான் காதுக்கு இரண்டு மடங்காய்த் தோன்றும். ஆகவே ஐ.ஸி.யைவிட ஸ்பீக்கரில் செலவிடுவதே புத்திசாலித்தனம். ஸ்பீக்கரை அப்படியே மேஜைமேல் வைத்தால், முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கீழ் ஸ்தாயி காணாமற் போகும். மரப்பெட்டி ஒன்றில் பொருத்திய மாத்திரத்தில் அதே ஸ்பீக்கர் வேறு மனிதராகிவிடுகிறது. பிஸ்கோத்து டின்னும் உதவும். ஆனால் தாளம் வேண்டாத இடத்தில் அது ஜால்ரா போடும்.

கடைசியாக ஒரு சிக்கனம். கிட்டார் செருகும் துளைக்கு ஸ்டீரியோ ஸாக்கெட்டு வாங்குங்கள். அதன் நடு வளையத்துக்குரிய முனையில் பேட்டரியின் நெகடிவையும், வெளி முனையில் மற்ற நெகடிவ் கம்பிகளையும் பற்ற வைத்தால் ஸ்விட்சே வேண்டாம். சாதாரணக் கிட்டார் பிளக்கைச் செருகியதும் அந்த இரண்டு முனைகளும் சேர்ந்து பெட்டி விழித்துக்கொள்ளும், பிடுங்கினால் தூங்கிவிடும். செருகியபடியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், யாரும் வாசிக்காதபோதும் ஐ.ஸி. மட்டுமே சுமார் 4 மில்லியாம்பியர் குடித்துக்கொண்டிருக்கும்.