ஜல்லியோடு போன சரித்திரம்!

எனக்கு ஊர் கருங்கல். கன்னியாகுமரி மாவட்டம். ஆபீஸில் ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஒரு லோடு ஜல்லி என்ன விலை சார்?" என்று கேட்காத ஆசாமி கிடையாது. நானும் சிரித்து வைப்பேன். ஆனால், அந்த ஜோக் எனக்குக் கொஞ்சம் குத்தும்.

சின்ன வயசில், எங்கள் தெருமுனை ஓடைக்கரையில் ஒரு நீளக் கல் கிடந்தது. அம்மா அதில்தான் துணி துவைப்பாள். ஒரு பக்கம் புழு நெளிகிற மாதிரி கோடுகள். "ஏதோ எழுத்தாக்கும் மக்களே" என்பார் தாத்தா. அதோடு சரி. நான் எட்டாவது படிக்கும்போது ரோட்டை அகலப்படுத்தி, ஓடைக்குப் பாலம் கட்டினார்கள். ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் கல்லைக் காணோம். உடைத்து அஸ்திவாரத்தில் போட்டாச்சு!

அது வட்டெழுத்தாக இருந்திருக்குமோ என்ற சந்தேகமே எனக்கு வேலைக்குப் போனபிறகுதான் வந்தது. பக்கத்தில் முஞ்சிறையை ஒட்டிய பார்த்திவசேகரபுரம் கோயிலை, ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-ல் எழுப்பியதைச் செப்பேடு சொல்கிறது. சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள். இந்த மண்ணில் துவைக்கிற கல்லையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கத்தானே வேண்டும்?

சிதறாலுக்குப் பயமில்லை. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் கட்ட அனுமதி வேண்டும். எங்கள் கல் எந்த லிஸ்ட்டில் இருந்தது? 1878-ல் வந்த புதையல் சட்டம் ஒன்று உண்டு. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்! இன்றைக்கு ஒரு டீ கிடைத்தால் யோகம். அப்புறம், ஜே.சி.பி. ஓட்டுகிறவருக்கு வட்டெழுத்து தெரியுமா என்ன?

அதனால்தான் தோண்டுவதற்கு முன்னால் ஒரு சர்வே. பெரிய மந்திரமில்லை சார். ரோடு போகிற பாதை நெடுக நாலு பேர் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடு, இரும்புக் கசடு, வட்டமாகக் கிடக்கிற கற்கள்... எது தென்பட்டாலும் குறித்துக்கொள்வார்கள். டீக்கடைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுப்பார்கள். சந்தேகமான இடத்தில் சின்னதாக ஒரு குழி. விஷயம் இருந்தால் முறையாகத் தோண்டிப் பதிவு செய்வார்கள்; அல்லது ரோடு கொஞ்சம் ஒதுங்கிப் போகும். பிரிட்டனில் 1990-லிருந்து கட்டுமானத் திட்டங்களில் இது வழக்கம். செலவு, கட்டுகிறவர் தலையில்.

பார்க்காமல் தோண்டினால் என்ன ஆகும்? 1850-களில் லாகூர் - முல்தான் ரயில் பாதைக்கு ஹரப்பாவின் செங்கல்லைப் பெயர்த்து ஜல்லியாகக் கொட்டினார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட செங்கல்! நமக்கு அக்கறையே இல்லை என்றும் சொல்ல முடியாது. நாகார்ஜுனசாகர் அணைத் தண்ணீரில் முழுகப்போகிற பள்ளத்தாக்கை 1954-லிருந்து 1960 வரை தோண்டி, முக்கியமான சின்னங்களை மேட்டுக்கு மாற்றிக் கட்டினோமே! அது பெரிய அணை, எல்லோர் கண்ணிலும் பட்டது. தெருமுனைப் பாலத்தை யார் பார்க்கிறார்கள்?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது, அந்தப் பாலத்து ஓரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வந்தார்.

"என்னத்த தேடுத மக்களே?"

"அம்மை துவைச்ச கல்லு மாமா."

"அதுக்க மேலதான நீ நிக்குத!"