தோல் உள்ளே, நந்தன் வெளியே



சுவாமி சகஜானந்தர் 1916இல் இந்தச் சிதம்பரத்தில் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வி தர முனைந்தபோது, தன் அமைப்புக்கு நந்தனார் கல்விக் கழகம் என்று பெயர் வைத்தார். 1948இல் அம்பேத்கர் தீண்டாமையின் தோற்றம் பற்றிய தன் நூலை நந்தனார், ரவிதாஸ், சொக்கமேளா ஆகிய மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். வேள்வியில் மாடு கொன்றவர்கள் எப்படிச் சைவமானார்கள், செத்த மாட்டைத் தின்றவர்கள் எப்படித் தீண்டத்தகாதவர்கள் ஆக்கப்பட்டார்கள் என்று ஆராய்கிற நூல் அது. மாட்டிறைச்சியைப் பற்றிய நூலின் முகப்பில் தில்லைக்குப் போன பக்தருக்கு என்ன வேலை என்று மாணவனாக இருந்த காலத்தில் நான் யோசித்ததுண்டு. சேக்கிழாரைப் படித்த பிறகுதான் விளங்கியது.

திருநாளைப்போவார் புராணத்தில் நந்தன் செய்யும் தொண்டு என்ன? பேரிகைக்குப் போர்க்கத் தோல் தருகிறார். அதை இழுத்துக் கட்ட வார் தருகிறார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தருகிறார். பூசைக்குக் கோரோசனை தருகிறார். கோரோசனை என்பது மாட்டின் பித்தப்பையில் விளையும் கல். தோலும் நரம்பும் கல்லும் செத்த மாட்டின் உடம்பிலிருந்து வருபவை. இவை எல்லாம் கோயிலுக்குள் போகின்றன. கொண்டுவந்தவர் திருவாயிலுக்கு வெளியே நிற்கிறார். மாட்டின் தோல் கருவறைவரை ஒலிக்கலாம், அதை உரித்த கை உள்ளே வரக்கூடாது. கவனியுங்கள், நந்தன் எதையும் கொன்றதாகச் சேக்கிழார் சொல்லவில்லை.

அதே பெரிய புராணத்தில் கண்ணப்பர் இருக்கிறார். வேடர் தலைவனின் மகன். பன்றியைக் கொன்று, சுட்டு, வாயில் மென்று சுவை பார்த்து, அந்த எச்சில் இறைச்சியைச் சிவனுக்குப் படைக்கிறார். ஆகமப்படி பூசை செய்யும் சிவகோசரியார் பதறுகிறார். அவர் கனவில் சிவன் தோன்றி, இதுதான் அன்பு என்கிறார். சிறுத்தொண்டர் இருக்கிறார். வாதாபிப் போரை நடத்திய படைத்தலைவர். அடியார் வேடத்தில் வந்த சிவன் கேட்டதற்காகப் பெற்ற பிள்ளையை அறுத்துக் கறி சமைக்கிறார். அவருக்கும் பேறு கிடைக்கிறது, பிள்ளையும் திரும்ப வருகிறான். இறைச்சியும் கொலையும் இந்தச் சாமிக்குப் பிரச்சினையாக இருந்திருந்தால் இந்த இருவரும் அறுபத்துமூவர் வரிசையில் நின்றிருக்க முடியாது. இவர்களில் யாரையும் யாரும் நெருப்பில் இறங்கச் சொல்லவில்லை. கொல்லாத நந்தனுக்குத்தான் நெருப்பு.

அந்த நெருப்பை மூட்டியது யார்? சிவன் நந்தன் கனவில் வந்து, எரியில் மூழ்கி வா என்கிறார். தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வந்து, எரி அமைக்கச் சொல்கிறார். ஆக இரண்டு தரப்பும் சம்மதித்துவிட்டது. நந்தன் இறங்குகிறார், பூணூலோடு முனிவராக எழுகிறார், மன்றுக்குள் போகிறார், பிறகு யாரும் அவரைக் காணவில்லை. 1927இல் சிதம்பரம் வந்த காந்தி, தன்னையே வருத்திக்கொண்டு வென்றவர் என்று நந்தனைப் போற்றினார். சம்மதம் என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சோமயாகத்தில் ஆட்டைக் கத்தியால் வெட்டுவதில்லை. சத்தம் வராமல் மூச்சை அடக்கிக் கொல்வார்கள். அந்த நேரத்தில் வேள்வி செய்வோர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கொல்லுகிறவருக்குச் சமிதா என்று பெயர், அமைதிப்படுத்துபவர் என்று பொருள். அந்தச் செயலுக்குச் சம்ஞபனம் என்று பெயர், சம்மதிக்க வைத்தல் என்று பொருள். நீ சாகவில்லை, தேவர்களிடம் போகிறாய் என்று விலங்கிடம் சொல்லும் மந்திரமும் வேதத்தில் உண்டு. கொலை என்ற சொல் எங்கும் வராமலே கொலை நடந்து முடிகிறது. மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் இதைச் சட்டமாகவே சொல்லிவிடுகிறது: வேள்விக்காகக் கொல்வது கொலை ஆகாது, வேதம் விதித்த இம்சை அகிம்சையே. சடங்குக்கு முறைப்படி அழைக்கப்பட்டும் இறைச்சி தின்ன மறுப்பவன் 21 பிறவிகள் விலங்காகப் பிறப்பான் என்றும் அங்கே இருக்கிறது. சைவ உணவே சனாதனம் என்று சொல்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் பேசலாம்.

அதே நூலின் 11ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். பூனை, கீரி, தவளை, நாய், ஆந்தை, காகம் ஆகியவற்றைக் கொன்றவனுக்கு, சூத்திரனைக் கொன்றவனுக்குரிய கழுவாயே விதிக்கப்படுகிறது. உயிர்மேல் இரக்கம் கொண்ட நூல்தான் என்று யாராவது இதைக் காட்டக்கூடும். காகத்தின் உயிரை உயர்த்தியிருக்கிறதா, மனிதனின் உயிரைத் தாழ்த்தியிருக்கிறதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வலி இந்த நூலுக்குக் கணக்கே இல்லை. கொல்பவர் யார், கொல்லப்படுபவர் யார் என்பதே கணக்கு.

இது பழைய ஏட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2003 ஜூலையில் இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு அருகே, சாதி கடந்து மணம் செய்துகொண்ட தலித் இளைஞரையும் அவர் மனைவியையும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அடுத்த மாதம் தமிழக அரசு 1950ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலியிடல் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. கோயில்களில் ஆடு, கோழி வெட்டக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர்களுக்கும் காவல்துறைக்கும் உத்தரவு போனது. முனியப்பன், வீரன், கருப்பு, காட்டேரி கோயில்களில் காக்கிச் சட்டைகள் நின்றன. கசாப்புக் கடையில் வெட்டினால் குற்றமில்லை, சாமிக்கு முன்னால் வெட்டினால் குற்றம். 2004இல், நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில், அந்தச் சட்டத்தை அரசே விலக்கிக்கொண்டது. இரட்டைக் கொலை வழக்கிலோ கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆனது. தண்டிக்கப்பட்டவர்களில் காவல்துறையினரும் இருந்தார்கள். ஆட்டைக் காக்க ஒரு மாதத்தில் வந்த அரசு, எரிந்த இருவருக்கு வர 18 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இதோடு ஒப்பிட ஒன்று சொல்கிறேன். 1975இல் கேரளத்தின் பாஞ்ஞாளில் நம்பூதிரிகள் அக்னிசயனம் என்ற பெருவேள்வி நடத்தினார்கள். ஆடுகளைப் பலியிட எதிர்ப்பு வந்தது. உடனே இலையில் பொதிந்த அரிசி மாவு ஆட்டின் இடத்தைப் பிடித்தது, வேள்வி நிற்கவில்லை. மாவாக மாற்றிக்கொள்ளும் சலுகை வேள்விக்கு உண்டு. எங்கள் வீரனுக்கு வந்தது காவலர் வண்டி.

இங்கே வள்ளலாரைத் தாண்டிப் போக முடியாது, போகவும் கூடாது. 1823இல் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் பிறந்தவர். 1867இல் வடலூரில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதியையும் வருணத்தையும் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கியவர். நந்தனை எரித்த நெருப்புக்கும் பசித்தவனுக்குச் சோறாக்கும் நெருப்புக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ஆனாலும் ஞான சபைக்குள் கொலை, புலை தவிர்த்தவர்தான் நுழையலாம். மற்றவர் புறவினத்தார், அவர்கள் பசியைத் தீர்க்கலாம், அவ்வளவுதான். 'புலை' என்ற சொல்லைப் பாருங்கள். புலால், புலை, புலையன் என்று எங்கே போய் முடிகிறது? வள்ளலார் சாதியை நினைத்து அதை எழுதவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆனால் சொல்லுக்கு அவரைவிட வயது அதிகம். சேரியிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்த வாசல் எதை நினைவூட்டும் என்பதை அவர் அன்பர்கள் யோசிக்க வேண்டும்.

நம் பக்கத்தையும் பேசிவிடுவோம். என் ஆயா வீரனுக்கு ஆடு நேர்ந்துவிட்டவர். ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கிடைத்துவிட்டது, வெட்டலாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலுப்பாது? சிறு வயதில் இதைக் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். யாகசாலையில் வாங்கும் சம்மதத்துக்கும் ஏரிக்கரையில் வாங்கும் சம்மதத்துக்கும் ஆட்டைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை. எருமை வெட்டிய ஊர்களில் தலையைச் சுமக்கவும் பறையடிக்கவும் நம் ஆட்களைத்தான் பிடித்தார்கள், அது பண்பாடு இல்லை, ஊழியம். அயோத்திதாசரும் கொலையைக் கண்டித்தவர்தான், புத்தரை முன்வைத்து. அதே அயோத்திதாசர் நந்தனை எரிந்துபோன பக்தனாக ஏற்காமல், அரசனாகக் கண்டார்.

எனவே பலியிடுதலை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்று மாணவர்கள் கேட்கும்போது என் பதில் இதுதான்: நான் மாட்டுக்கறி தின்பேன், சாமிக்கு ஆடு நேர மாட்டேன், வெட்டுகிறவர்களைப் பிடிக்கக் காவலர்களை அனுப்பும் சட்டம் திரும்ப வந்தால் எதிர்ப்பேன். இதில் முரண்பாடு தெரிகிறவர்கள் கேள்வி நேரத்தில் எழுந்து கேளுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. மிருதங்கத்துக்கு மாடு, எருமை, ஆடு மூன்றின் தோலும் வேண்டும். அதைச் செய்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலின் வெளியீட்டுக்கு 2020 ஜனவரியில் சென்னைக் கலாக்ஷேத்ரா அரங்கம் தருவதாக இருந்தது. நூலின் ஒரு பகுதி செய்தித்தாளில் வெளிவந்தது, மாடு கொல்லப்படுவது அதில் எழுதப்பட்டிருந்தது. அரங்கம் மறுக்கப்பட்டது. அங்கே மிருதங்க வகுப்பு வழக்கம்போல நடந்துகொண்டுதான் இருந்தது.