செனகல் ஊசித்தும்பி: வயலில் அடையாளம் காண்பது எப்படி?

நெல் வயலில் இறங்கி நடந்தால் காலடியிலிருந்து எழும்பி, சிறிது தூரம் தள்ளிப் போய் மீண்டும் பயிரிலேயே அமரும் மெல்லிய பூச்சியை விவசாயிகள் அனைவரும் கண்டிருப்பர். இதனை ஊசித்தும்பி அல்லது ஊசித்தட்டான் என்பர். இவற்றுள் ஒரு வகை ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுப் பெயரைத் தாங்கியது. 1842-ல் ராம்பூர் என்னும் பிரெஞ்சு அறிஞர் இதற்குப் பெயரிட்டார். இஸ்க்னூரா செனகலென்சிஸ் என்பது இன்றைய விஞ்ஞானப் பெயர். எகிப்து முதல் தென் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் வரையிலும், கிழக்கே நம் நாடு, இலங்கை, ஜப்பான் வரையிலும் இது பரவியுள்ளது.

அடையாளம்

பெரிய தட்டான் அமரும்போது இறக்கைகளை விரித்து வைக்கும். ஊசித்தும்பியோ பெரும்பாலும் முதுகின்மேல் மடக்கி வைக்கும். கண்களும் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்கும். செனகல் வகை சுமார் 3 செ.மீ. நீளமுள்ளது. ஆணின் மார்பு பச்சை அல்லது நீலங்கலந்த பச்சை. வாலின் மேற்புறம் கறுப்பு. நுனியருகே எட்டாவது கணு மட்டும் பளிச்சென்ற நீலம். இந்த நீலப் புள்ளியே முக்கிய அடையாளம். வால் நுனி செம்மஞ்சளாக, உருவமும் மிகச் சிறியதாக இருந்தால் அது வேறு இனம்.

பெண் பூச்சியில்தான் குழப்பம். சில ஆணைப் போலவே இருக்கும். மற்றவை இளமையில் ஆரஞ்சு நிறமாக இருந்து, முதிர்ந்தபின் மங்கிய பழுப்பாகிவிடும். எல்லாம் ஒரே இனமே.

வாழுமிடம்

வெயில் படும் தேங்கிய நீரும், ஓரத்தில் கோரையும் புல்லும் இருந்தால் போதும். குளம், குட்டை, சதுப்பு, நெல் வயல் எல்லாம் ஏற்றவையே. சற்று உப்பு நீரையும் தாங்கும். அடர்ந்த காட்டு நிழலை விரும்பாது.

பெண் பூச்சி வாலை வளைத்து, நீரிலுள்ள தாவரத் திசுக்களுக்குள் முட்டையிடும். இதைக் கண்டு, தண்டு துளைப்பான்போல் பயிரைக் கெடுக்கிறது என்று மருந்தடிக்க வேண்டாம். இதன் புழு பயிரைத் தின்பதில்லை. வால் முனையில் இலை போன்ற மூன்று செவுள்களுடன் நீரில் வாழ்ந்து, கொசுப் புழு முதலியவற்றைத் தின்கிறது. வளர்ந்த பூச்சி தத்துப்பூச்சி போன்ற சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

புகையானை ஊசித்தும்பி மட்டுமே ஒழித்துவிடும் என்று சொல்வதற்கில்லை; சிலந்திகளின் பங்கு இதனினும் பெரிது. ஆனால் கண்டபடி மருந்தடித்தால் இரண்டுமே மடியும், புகையான் மீண்டும் பெருகும். இக்காரணத்தால்தான் இந்தோனேசியா 1986-ல் 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது.

புகையான் தாக்கும்போது வயல் நீரை வடிப்பது அவசியமே. அப்போது வாய்க்கால் ஓரத்திலோ வயல் மூலையிலோ சிறு பள்ளம் எடுத்து நீர் நிறுத்தினால், தும்பிப் புழுக்களில் ஒரு பகுதியாவது பிழைக்கும். மருந்து தெளிக்கும்போது அந்தப் பள்ளத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.