விஆர் துறைக்குப் போக எதைப் படிப்பது?

பிளஸ் டூ முடித்ததும் ‘விஆர் (மெய்நிகர் உண்மை) படிக்க எந்தக் காலேஜில் சேரலாம்?’ என்று கேட்கும் மாணவர்கள் ஸ்டீவன் லவாலைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் ஆராய்ந்ததும் கற்பித்ததும் ரோபாட்டிக்ஸ். தடைகளில் மோதாமல் ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கும் புகழ்பெற்ற கணக்கீட்டு முறை ஒன்றை 1998-ல் வெளியிட்டவர். 2012-ல் விஆர் ஹெட்செட் தயாரிக்கும் ஆக்குலஸ் நிறுவனம் தொடங்கிய ஆண்டிலேயே அதில் இணைந்து, தலை அசைவைக் கண்காணிக்கும் முறையை உருவாக்கினார்.

ரோபோ ஆளுக்கு அங்கே என்ன வேலை? ஹெட்செட் அணிந்தவர் தலையைத் திருப்பினால், கண்முன் உள்ள காட்சியும் சுமார் 20 மில்லி விநாடிக்குள் மாறியாக வேண்டும். தாமதமானால் தலைசுற்றல், குமட்டல். உள்ளே இருக்கும் கைரோஸ்கோப், தலை சுழலும் வேகத்தை விநாடிக்கு 1,000 முறை அளக்கும்; கோணத்தைச் சொல்லாது. வேகத்தைத் தொகையிட்டுத்தான் கோணத்தைப் பெற வேண்டும். அளவீட்டில் உள்ள சிறு பிழைகளும் கூடவே சேர்ந்துகொள்வதால், நேரம் ஆக ஆக மெய்நிகர் அறையின் தரையே சாயத் தொடங்கும். புவியீர்ப்பின் திசையை உணரும் முடுக்கமானியைக் கொண்டு அந்தச் சாய்வைத் திருத்துகிறார்கள். பரீட்சையோடு பலரும் மறந்துவிடும் தொகை நுண்கணிதத்துக்கு இங்கே தினமும் வேலை உண்டு.

லவால் 2015-ல் சென்னை ஐஐடியில் விஆர் பாடம் நடத்தினார். அந்த வீடியோக்களை என்பிடெல் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அவருடைய பாடநூலும் இணையத்தில் இலவசம். அதன் பொருளடக்கமே நல்ல வழிகாட்டி: வடிவியல், ஒளியியல், கண்ணின் உடலியங்கியல், மூளை உணரும் விதம், ஒலி.

கணக்கு வராதவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. ஈராக் போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு விஆர் சிகிச்சையை வடிவமைத்த ஸ்கிப் ரிஸ்ஸோ ஓர் உளவியலாளர். இலவச உணவுக்கான வரிசையில் நீரிழிவு நோயாளி ஒருவர் மயங்கி விழுந்த உண்மைச் சம்பவத்துக்குள் பார்வையாளரை நிற்கவைத்து, 2012 சன்டான்ஸ் திரைப்பட விழாவைக் கலங்கடித்த நானி டி லா பென்யா ஒரு பத்திரிகையாளர். இருவருக்கும் முதலில் சொந்தத் துறை இருந்தது. ஹெட்செட் பிறகு வந்தது.

ஆகவே நிரலாக்கம் பிடித்தால் கணினி அறிவியல். அதோடு விஆர் உருவாக்கும் மென்பொருள்களான யூனிட்டிக்கு சி ஷார்ப், அன்ரியலுக்கு சி பிளஸ் பிளஸ். வரையும் கை என்றால் அனிமேஷன், கட்டடக்கலை, விஸ்காம். இலவச மென்பொருளான பிளெண்டரில் இன்றே பழகலாம். ஒரே கருவியை நம்பி நடத்தப்படும் குறுகிய காலப் படிப்புக்குப் பெரும் பணம் கட்டுமுன் யோசிக்க வேண்டும். கூகுள் 2016-ல் ஆர்ப்பாட்டமாக இறக்கிய டேட்ரீம் என்ற விஆர் தளத்தை 2019-லேயே கைவிட்டது.

ஹெட்செட் வாங்கினால்தான் பழக முடியும் என்பதும் இல்லை. அதன் அசைவுகளைக் கணினித் திரையிலேயே போலச் செய்யும் வசதி யூனிட்டியில் இருக்கிறது. நிரல் எழுதும் மாணவரும் விஸ்காம் மாணவரும் சேர்ந்து, தங்கள் கல்லூரி ஆய்வகத்தின் ஓர் அறையை அதில் கட்டி, நான்கு பேரைத் திரைவழியே உள்ளே நடக்கவிட்டுப் பார்க்கலாம். யார் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று குறித்துக்கொண்டால், அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.